டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னது

இரண்டு வாரமாக இந்தப் பத்தி வரவில்லை. உடம்பு சரியில்லையா என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. என் தம்பி மகளை பைக் இடித்துவிட்டது. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில், அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவளை உங்களுக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன்னால் இதே இடத்தில் அவளைப் பற்றி எழுதியிருந்தேன் - கிளாஸில் உட்கார்ந்தபடியே திருமலைக்குப் போய் வருகிற குட்டிப் பெண் என்று. நிறையப் பேர் ரசித்தீர்கள். எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

அதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த முறை ஒழுங்காக.

தம்பி முருகேசன் இருப்பது புத்தலப்பட்டு பக்கத்தில் ஒரு கிராமம். குத்தகை நிலத்தில் தக்காளி, வேர்க்கடலை. மனைவி செல்வி. ஒரே மகள் கீர்த்தி, ஐந்தரை வயது, யு.கே.ஜி. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, ஸ்கூலில் இங்கிலீஷ்.

ஸ்கூலில் பேரன்ட்ஸ் மீட்டிங் என்றால் செல்விக்கு உதறல். சித்தூரிலிருந்து என்னை வரச் சொல்வாள். ஜூலையில் அப்படித்தான் அவர்கள் இரண்டு பேரோடும் போனேன்.

டீச்சர் சின்னப் பெண். வாயைத் திறந்தாலே சிரிப்பு. தமிழும் தெலுங்குமாகப் பேசினாள்.

"பாப்பா ரொம்ப நல்ல பொண்ணு மேடம். ஒண்ணே ஒண்ணுதான்... கிளாஸ் நடக்கும்போதே கொண்டக்குப் போயிட்டு வந்துடுது."

கொண்ட என்றால் மலை. எங்கள் பக்கம் மலை என்றால் அது திருமலைதான்.

"நான் ரைம்ஸ் சொல்லினு இருப்பேன். பாப்பா கண்ணு எங்கயோ இருக்கும். கூப்பிட்டா கேக்காது. கொஞ்ச நேரத்துல அதுவே வந்துடும். தரிசனம் ஆச்சாம்மான்னு கேப்பேன்."

எல்லோரும் சிரித்தோம். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் கீர்த்தியும் சிரித்தாள்.

ஒரு டீச்சர் சொன்ன ஒரு வாக்கியம். அதை நாங்கள் மூன்று பேர் எப்படி எடுத்துக்கொண்டோம் பாருங்கள். முருகேசனுக்குப் பெருமை. "உன்ன மாதிரியே யோசன பண்ணிகினு இருக்குதுக்கா" என்றான். எனக்கு அதைவிடப் பெருமை. எழுதுகிற ரத்தம் இல்லையா... அந்த வாரமே பத்தி எழுதிவிட்டேன்.

செல்வி மட்டும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். திமிர். கூப்பிட்டால் திரும்பாத திமிர்.

அதற்கப்புறம் நானே அதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் தோசை தின்றுகொண்டிருந்தவள், கையில் பிட்ட துண்டோடு அப்படியே நின்றுவிட்டாள். கண் நேராக. இமை மட்டும் லேசாகத் துடித்தது. செல்வி கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எதுவுமே நடக்காத மாதிரி துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு லட்டு கொண்டாந்தியாடி?" என்று கேட்டேன் நான். எவ்வளவு சாமர்த்தியமான கேள்வி.

"துன்னும்போது கூப்பிட்டா காது கேக்காதா உனக்கு?" என்று செல்வி முதுகில் ஒன்று வைத்தாள். கீர்த்தி பயந்துபோய் அழுதாள். கனவு காண்கிற குழந்தையை அடிக்காதே என்று செல்விக்கு உபதேசம் செய்துவிட்டு, திருப்தியாக பஸ் ஏறினேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால், சனிக்கிழமை. அம்மாவும் மகளும் பஸ்ஸிலிருந்து இறங்கி, சித்தூர் - திருப்பதி ரோட்டைக் கடந்திருக்கிறார்கள். செல்வியின் ஒரு கையில் பை, ஒரு கையில் கீர்த்தி. பாதி ரோட்டில் பையின் காது அறுந்து சாமான் சரிய, பிடித்திருந்த கையை விட்டுவிட்டுப் பையை அணைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். குழந்தை பின்னாலேயே வருகிறது என்று நினைத்திருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தால் கீர்த்தி ரோட்டு நடுவில் நிற்கிறாள்.

"வாடி வாடின்னு கத்துனேன் அண்ணி. என்னையேதான் பார்த்துகினு நின்னுச்சி. வரல."

பைக் ஓட்டி வந்தவன் பிரேக் போட்டிருக்கிறான். போதவில்லை. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. நெற்றியில் தையல். சித்தூரில் முதலுதவி செய்து திருப்பதிக்கு அனுப்பினார்கள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். "பராக்குப் பார்த்துகினு நின்னுச்சாமே." செல்வி ஒவ்வொருவரிடமும் அந்த "வாடி வாடி"யை முதலிலிருந்து சொன்னாள். அந்த வார்டில் அதை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது.

மூன்றாவது நாள் காலை, தையலைப் பார்க்க ஒரு லேடி டாக்டர் வந்தார். பேச்சுக் கொடுப்பதற்காக, "ஒண்ணு ரெண்டு சொல்லு பாக்கலாம்" என்றார். கீர்த்தி ஆறு வரை சொன்னாள். நின்றாள். இமை துடித்தது. டாக்டர் கையில் பஞ்சோடு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏழு" என்றாள் கீர்த்தி.

"இப்படி அடிக்கடி ஆகுமா?"

நான் பழக்க தோஷத்தில் திருமலைக் கதையைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை.

அன்றைக்கே குழந்தைகளின் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அவர் ஒரு டிஷ்யூ பேப்பரைக் கீழே தொங்குகிற மாதிரிக் கீர்த்தியிடம் கொடுத்து, நான் சொல்லும் வரைக்கும் இதை ஊதிக்கொண்டே இரு என்றார். விளையாட்டு என்று நினைத்து உற்சாகமாக ஊதினாள். பேப்பர் ஆடியது. ஆடியது. இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். பேப்பர் நின்றுவிட்டது.

டாக்டர் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். முகத்துக்கு நேராகக் கை தட்டினார். அவள் அங்கே இல்லை. நானும் செல்வியும் முருகேசனும் பார்த்துக்கொண்டிருந்தோம். மாதக்கணக்கில் பார்த்த அதே முகம்தான். முதல் தடவையாக எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு பேப்பர் மறுபடி ஆடியது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே என்று அவள் பாட்டுக்கு ஊதினாள்.

"இது ஒரு வகை ஃபிட்ஸ்" என்றார் டாக்டர்.

முருகேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஃபிட்ஸ்னா கீழ விழணும், நுரை தள்ளணும் சார். எங்க பொண்ணு நல்லாத்தான் நிக்குது."

நிற்கும், அதுதான் இதில் சிக்கல் என்றார் அவர். சில விநாடி மூளை வேலையை நிறுத்திவிடும். கண் திறந்திருக்கும். பார்வை இருக்காது, காது கேட்காது. முடிந்த பிறகு அப்படி ஒன்று நடந்ததே குழந்தைக்குத் தெரியாது. தலையில் வயர் ஒட்டி மூளையைப் பார்த்த டெஸ்டும் அதையேதான் சொன்னது.

"ரோட்டுல நின்னதும் இதனாலதானா சார்?" என்று செல்வி கேட்டாள்.

"இருக்கலாம்னுதான் என்னால சொல்ல முடியும்மா."

மருந்தில் அடங்கும், வளர வளர நின்றுபோகவும் வாய்ப்பு அதிகம் என்றார். நல்ல செய்திதான். ஆனால் செல்வி முதல் பதிலோடு நின்றுவிட்டாள். மற்றது எதுவும் அவள் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தாள். கையில் ஒரு கலரிங் புக். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. முருகேசன் அவளை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டான்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. அத ஏன் டீச்சர் சிரிச்சிகினு சொன்னீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சீரியஸா சொன்னா வீட்டுல அடிக்கறாங்க சார். போன வருஷம் ஒரு பாப்பாவுக்கு டைரில எழுதி அனுப்பினேன், கவனமே இல்லன்னு. மறுநாள் தொடையில சூடு வெச்ச காயத்தோட வந்துச்சி. அதுலேந்து எதச் சொன்னாலும் சிரிச்சிகினுதான் சொல்றேன்."

முருகேசன் வழியிலிருந்து விலகி நின்றான். நான்தான் கேட்டேன். "ஒரு நாளைக்கு எத்தன தடவ இப்படி இருப்பாம்மா?"

"பத்து... பன்னெண்டு... சில நாளு அதுக்கு மேலயும். சொல்லியிருப்பேன் மேடம். யாரும் கேக்கல."

உண்மைதானே? நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பெண் தன்னால் முடிந்த ஒரே வழியில் சொல்லியிருக்கிறாள். நாங்கள் சிரிப்பை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டோம். நம் குழந்தையைப் பற்றி ஒருவர் வேடிக்கையாகப் பேசினால் நமக்கு ஏன் இத்தனை சந்தோஷம்? அதில் நம் ஜாடை தெரிகிறதா என்று தேடுகிறோம். தெரிந்ததும் அதற்கு மேல் பார்ப்பதில்லை. கண்ணால் பார்த்த நானே லட்டு கேட்டேன். டீச்சரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

டீச்சர் போன பிறகு, கீர்த்திக்குக் கலர் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். செல்வி கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"அப்படியே நின்னுடறியே, அப்போ உனக்கு எப்படிடா இருக்கும்?" என்று கேட்டேன்.

"நான் எங்க அத்த நிக்கறேன்? டீச்சர்தான் ரைம்ஸ பாதியில விட்டுட்டு வேற சொல்வாங்க." பச்சை பென்சிலை எடுத்துக்கொண்டாள். "அம்மாவும் அப்படித்தான். நான் சும்மா உக்காந்து துன்னுகினு இருப்பேன். ஒண்ணுமே பண்ண மாட்டேன். திடீர்னு அடிக்கும்."

புகார் மாதிரிகூடச் சொல்லவில்லை. வெயில் அடிக்கும், மழை பெய்யும் என்பது மாதிரிச் சொன்னாள். இந்த அம்மா எப்போது அடிப்பாள், எதற்கு அடிப்பாள் என்பது தெரியாமலேயே இவ்வளவு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது அந்தக் குழந்தை.

செல்வி எழுந்தாள். டிஃபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனாள். டிஃபன் பாக்ஸ் கட்டில் மேலேயே இருந்தது.

போன புதன்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். காலில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. மருந்து காலையும் மாலையும். வேளை தவறாமல் கொடுப்பது செல்விதான். கீர்த்தி எதையாவது வாயில் வைக்கும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தன் தட்டில் கை வைப்பதில்லை.

ஊரில் வெளியே சொல்ல வேண்டாம் என்கிறான் முருகேசன். நாளைக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமாம். அவளுக்கு இப்போது ஐந்தரை வயது.

எழுதலாமா, பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்று செல்வியிடம் போனில் கேட்டேன்.

"எழுதுங்க அண்ணி. நான் அடிச்சதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன், செல்வி.