கருங்காற்று வண்டிக்காரி

பீஷியா என் கடைக்கு வந்த முதல் நாள் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "பையனுக்கா?" என்பதுதான். அவள் கை காட்டிக்கொண்டிருந்தது கருங்காற்று என்கிற ஸ்கூட்டர். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

"பையனெல்லாம் கெடையாது மொதலாளி. கல்யாணமே கெடையாது. எனக்குத்தான்" என்றாள். அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. முகத்தில் பாதிக்கு மாஸ்க், கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் இரண்டு சோற்று உருண்டை.

இருபத்தாறு வருடமாக ஸ்கூட்டர் விற்று, பழுது பார்த்து வயிறு வளர்ப்பவன் நான். வண்டியைச் சொன்னால் ஆளைச் சொல்லிவிடுவேன் என்று கடைக்கு வருகிறவர்களிடம் ஜம்பம் அடித்ததும் உண்டு. முன்னால் கூடை வைத்த வெள்ளை வண்டி என்றால் சந்தைக்குப் போகிற அம்மா. உருண்டை விளக்கு, வெளிர்பச்சை நிறம் என்றால் காலேஜ் பெண். பேட்டரி வண்டி என்றால் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். கருங்காற்று என்றால் கோயில் ஊர்வலத்தில் பல்லக்குத் தூக்கிவிட்டு, வெற்றிலைப் பாக்கு மென்று, சந்துமுனையில் நின்று அடிதடிக்குக் காத்திருக்கிற ரவுடிப் பயல். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, தைவான் முழுக்க இப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் நானும் சேர்ந்து பேசினேன், சிரித்தேன், விற்றேன்.

கூடை வைத்த வண்டியைத்தான் அவள் தலையில் கட்டப் பார்த்தேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருடம் செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகத்துக்குப் பசை தடவியவள். தொழிற்சாலையை மூடியதும், படுக்கையில் கிடக்கிற வயசானவர்களை வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டிச் சோறூட்டுகிற வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஆறு வீடு. குளிப்பாட்டுகிற நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டவேண்டும், மலையடிவாரத்து மேடு ஏறவேண்டும், அதனால் இழுவை உள்ள வண்டி வேண்டும் என்று காரணம் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"அதெல்லாம் சும்மா சொல்றேன் மொதலாளி. எனக்கு இது புடிச்சிருக்கு. விளக்கு பச்சையானதும் எல்லாருக்கும் முன்னாடி நான் கெளம்பணும். இத்தன வருசம் எதுலயும் முன்னாடி போனதில்ல."

வாங்கினாள். சக்கரத்துக்குள் ஊதா விளக்கு வேறு வைக்கச் சொன்னாள். வைத்துக் கொடுத்தேன்.

முதல் வருடத்திலேயே மூன்று தடவை போலீஸ் நிறுத்தியது. மூன்று தடவையும் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பெரியவர்களுக்குக் கட்டுகிற டயப்பர், ரப்பர் கையுறை, பவுடர் டப்பா. அவள் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அசடு வழிந்துகொண்டு, யார் வண்டி அம்மா என்று கேட்பார்களாம். அவள் வேலைக்குப் போன ஒரு வீட்டில், வண்டியை வாசலில் நிறுத்தாதே, வட்டிக்காரன் ஆள் அனுப்பியிருக்கிறான் என்று அக்கம்பக்கம் நினைக்கும் என்றார்கள். அதற்காக இரண்டு சந்து தள்ளி நிறுத்திவிட்டு, நாற்காலியைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தாள். கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் என்னவோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிப்பெல்லாம் போன அக்டோபரோடு முடிந்தது. மதியம் இரண்டு மணிக்கு, சந்தைக்குப் பின்னால் உள்ள நாற்சந்தியில், பச்சை விழுந்ததும் வழக்கம்போல முதல் ஆளாகக் கிளம்பியிருக்கிறாள். குறுக்கே வந்த வெள்ளைக் கார் அடித்துத் தூக்கிப் போட்டது. இடது மணிக்கட்டும் காறையெலும்பும் முறிந்தன. மாஸ்க்கும் ஹெல்மெட்டுமாகவே ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கார் ஓட்டியவன் வெய் என்கிற ட்யூஷன் வாத்தியார். இறங்கிவந்து பார்க்கவில்லை, உள்ளேயே உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தான். அவள் சிவப்பில் வந்தாள் என்று போலீஸில் சொன்னான். அந்த முனையைப் பார்க்கிற கேமரா கிடையாது. அவன் காரில் இருந்த கேமராவிலும் அன்றைக்கென்று பார்த்துப் படம் பதியவில்லையாம்.

சாயங்காலத்துக்குள் கீழே கிடந்த கருங்காற்றின் படம் ஊர்க்காரர்களின் இணையக் குழுவில் ஏறிவிட்டது. அதற்குக் கீழே நானூறுக்கு மேல் பேர் எழுதியிருந்தார்கள். கருங்காற்றா, அப்படியானால் வீடியோவே வேண்டாம், தப்பு யார் மேல் என்று தெரிந்துவிட்டது என்று ஒருவன். செத்தானா இல்லையா என்று இன்னொருவன். அதற்கு இருநூறு பேர் கைதட்டியிருந்தார்கள். ஒருவனுக்காவது அடிபட்டது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. படித்துவிட்டு அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை.

அவளை வீடுகளுக்கு அனுப்புகிற சேவை நிலையத்தில் ஒரு விதி உண்டு. விபத்தில் தவறு ஊழியர் பக்கம் என்று முடிவானால், அந்த ஆளை வண்டியில் வீடுகளுக்கு அனுப்ப மாட்டார்கள். வண்டி இல்லாமல் ஒரு நாளில் ஆறு வீடு போக முடியாது. அவளுக்கு வேலை வேண்டுமானால், சிவப்பு விளக்கைத் தாண்டினாள் என்ற பேச்சு தாளில் இருக்கக்கூடாது. வேலை என்றுகூட அவள் சொல்லமாட்டாள், ஜோ தாத்தா என்பாள். அவள் குளிப்பாட்டுகிறவர்களில் ஒருவர், எண்பத்தெட்டு வயது, வேறு யார் கை பட்டாலும் கத்துவார். அவள் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தபோது அவளுக்குப் பதிலாகப் போன ஆளை எச்சில் துப்பி விரட்டிவிட்டார்.

ஏழு வாரம் கழித்து வட்ட அலுவலகத்தில் சமரசக் கூட்டம் வைத்தார்கள். முறிந்த கையைக் கழுத்திலிருந்து தொங்குகிற தூளியில் போட்டுக்கொண்டு வந்தாள். துணைக்கு நான் போனேன். ஒரு பக்கம் வெய். அவன் பக்கத்தில் அவனுக்குச் சாட்சியாக, அந்த முனையில் பழம் வெட்டி விற்கிற தூ அம்மா. நடுவில் சமரசம் பேசுகிறவர், ஹோ என்று ஒரு பெரியவர். அவர் முதலில் தூ அம்மா போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்தார். வண்டியை ஓட்டியது இருபது வயதுப் பையன், இரண்டு கையிலும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை குத்தியிருந்தான், சிவப்பில் பாய்ந்து வந்தான் என்று எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய் அங்கேயே உடைந்துவிட்டது, இன்னும் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். பீஷியாவைக் காட்டி, இந்த அம்மாவா ஓட்டியது என்று ஹோ கேட்டார். இல்லவே இல்லை என்றாள் தூ அம்மா. பொய் சொல்கிற முகமே இல்லை அது. சத்தியமாக நம்பித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, பீஷியா பக்கம் திரும்பி, ஐயோ பாவம் என்கிற மாதிரி பார்த்தாள்.

"அக்கா, நீங்க பின்னாடி உக்காந்திருந்திருப்பீங்க. அவன் எந்திரிச்சு ஓடிட்டான். பெத்த மனசு, எனக்குப் புரியுது. ஆனா இப்பிடிப் பழிய நீங்க ஏத்துக்கிட்டா அவன் எப்பத் திருந்துவான்?"

வெய் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆள் மாறாட்டம் தனிக் குற்றம் என்றான். ஹோ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெகு பொறுமையாக, "பையன் எங்கம்மா இருக்கான்?" என்று கேட்டார்.

நான் எழுந்துவிட்டேன். இல்லாத பையனை எங்கே போய்க் கூட்டிவருவது என்று கத்தினேன். வண்டியை விற்றவன் நான், அவள் பெயரில்தான் பதிவு ஆகியிருக்கிறது என்றேன். ஹோ என்னைப் பார்த்து, "பையனுக்கு வாங்குற வண்டிய அம்மா பேர்ல பதிவு பண்றது இந்த ஊர்ல புதுசா மொதலாளி? நீங்களே எத்தன வித்திருப்பீங்க?" என்றார். நான் விற்ற கருங்காற்றுகளில் பாதி அப்படி விற்றதுதான்.

எலும்பு முறிந்த பொம்பளை ஒருத்தி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளை நம்ப அங்கே ஆளில்லை. ஊரிலேயே இல்லாத ஒரு பயலை மூன்று பேரும் நம்பினார்கள். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

பையன் கையில் குத்தியிருந்த பச்சை எப்படி இருந்தது என்று மட்டும் பீஷியா தூ அம்மாவிடம் கேட்டாள். நீல அலை, நடுவில் பெரிய பெரிய சிவப்புப் பூ என்று தூ அம்மா அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள். பீஷியா பையைத் திறந்து ஒரு துணியை எடுத்தாள். வெயிலுக்குக் கையில் மாட்டுகிற உறை. இந்த ஊரில் வண்டி ஓட்டுகிற பொம்பளைகளில் அது இல்லாதவர்கள் யார்? இடது கை உறையை ஆஸ்பத்திரியில் கத்தரித்துவிட்டார்கள், இது வலது கையுடையது. இன்னொரு கைதான் தூளியில் இருக்கிறதே, உறையின் வாயைப் பல்லால் கடித்து மேலே இழுத்தாள். உதவப் போன என்னை முழங்கையால் தள்ளினாள். மாட்டி முடித்துக் கையை மேசை மேல் நீட்டினாள். நீல அலை, சிவப்புப் பூ, ராத்திரிச் சந்தையில் ஜோடி நூறு தைவான் டாலருக்கு மலிவாகக் கிடைக்கிற சாமான்.

"இதாம்மா என் பையன்" என்றாள். அப்புறம், "வெளக்கப் பாத்தியா நீ?" என்று கேட்டாள்.

தூ அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வண்டியைத்தான் பார்த்தேன் என்றாள். விளக்கு? சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தாளாம். அந்த வண்டி எங்கே சிவப்புக்கு நிற்கப்போகிறது என்று அவளே முடிவு செய்துகொண்டாளாம்.

அதற்குப் பிறகு வெய்யின் குரல் தாழ்ந்தது. பச்சையா சிவப்பா என்று தனக்கும் சரியாக ஞாபகம் இல்லை என்றான். சிவப்பு விளக்கு என்ற பேச்சு தாளிலிருந்து போயிற்று, சாட்சி கைவிட்டபின் தன் பேச்சு எடுபடாது என்று கண்டு, தவறு தன் பக்கம் என்று கையெழுத்துப் போட்டான். மன்னிப்புக் கேட்கவில்லை. தூ அம்மா கேட்டாள். எப்படிக் கேட்டாள் என்றால், இந்த வயசில் இந்த வண்டியில் இப்படி ஒரு உறையை மாட்டிக்கொண்டு போனால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது அக்கா என்றாள். ஹோவும் எழுந்து நின்று, வயசுக்கு ஏற்ற வண்டியாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள், யாருக்கும் குழப்பம் வராது என்று புத்தி சொன்னார். குழப்பமாம்!

இதையாவது விட்டுத் தொலைக்கலாம். மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு சேவை நிலையத்துக்குப் போனாள். தாள் சரி என்றார்கள். ஆனால் அந்தப் படத்தை வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்களாம், இரண்டு வீட்டில் வேறு ஆள் கேட்கிறார்களாம். வண்டியை மாற்றிவிட்டு வந்தால் கை சரியானதும் வேலையில் சேரலாம், மாற்றாவிட்டால் யோசிக்க வேண்டும் என்றார்கள்.

ஜனவரியில் கட்டுப் பிரித்த கையோடு என் கடைக்கு வந்து, கூடை வைத்த வெள்ளை வண்டி ஒன்று எடுத்து வை என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்பேனரை வீசி எறிந்தேன். ஜெயித்தவள் ஏன் மாற்றவேண்டும், வக்கீலைப் பார்க்கலாம், பத்திரிகைக்குப் போகலாம் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"நீ கத்து மொதலாளி, உனக்கென்ன. தாத்தா முதுகெல்லாம் புண்ணாயிருக்கு, நேத்துப் போய்ப் பாத்தேன்" என்றாள். கருங்காற்றின் சாவியை மேசையில் வைத்துவிட்டு, வெள்ளை வண்டியில் ஏறிப் போனாள். அதில் அவள் உட்கார்ந்த அழகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லோருக்கும் திருப்தி. வட்டிக்காரன் ஆள் என்று பயந்த வீட்டுக்காரர்கள் இப்போது வாசலில் நிழல் பார்த்து நிறுத்தச் சொன்னார்கள். போலீஸ் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் மத்தியானம் புயலாக உள்ளே வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மறுபடியும் எவனாவது இடித்துவிட்டானோ என்று பதறிப்போனேன். ஸ்டூலைப் போட்டேன், உட்காரவில்லை.

"சிவப்பத் தாண்டினேன் மொதலாளி. வேணும்னேதான். அதே நாற்சந்தி. குறுக்க வண்டி எதுவும் வரலன்னு பாத்துட்டு, போலீஸ்காரன் கண்ணு முன்னாடியே தாண்டினேன். முப்பது வருசத்துல ஒரு தடவ தாண்டினதில்ல நான்."

பிடித்தானா என்று கேட்டேன்.

"எங்க புடிச்சான்? சிரிக்கிறான். பாத்துப் போங்கம்மாங்கிறான். எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. வண்டியத் திருப்பிக்கிட்டு அவன்கிட்டயே போனேன். சிவப்புல வந்தேன், அபராதம் எழுதுன்னேன். வெயில்ல வெளக்கு தெரிஞ்சிருக்காதும்மாங்கிறான். தெரிஞ்சேதான் வந்தேன், எழுதுடான்னு நான் கத்துறேன். அவன் என்னப் பாக்கவே இல்ல, எனக்குப் பின்னாடி பாக்குறான். அங்க ஒரு கருங்காற்று நிக்குது. கோட்டுக்குப் பின்னாடி, ஒழுங்கா, ரெண்டு காலையும் ஊனிக்கிட்டு நிக்குது. ஹெல்மெட்டு, மாஸ்க்கு, ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல. என்னை ஒதுங்கச் சொல்லிட்டு அவன் நேரா அங்க போறான். 'டேய் தம்பி, எறங்கு, பெட்டியத் தொற'ங்கிறான். மொகத்தக்கூடப் பாக்கல மொதலாளி."