என் திணறலையும் விடாத கைகள்

2006 வாக்கில் தோஹா தொழில்பேட்டையில் நான் ஃபோர்மேன். ஒரு மெஷின் எரிந்துபோக, பழி காது கேளாத வெல்டர்மேல் விழுந்தது. விசாரணைக்கு ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் வந்தார். கறுப்புச் சுடிதார், வளையல்கூட இல்லாத கைகள்.

"செவிடனுக்கு என்ன தெரியும்? ஊருக்கு அனுப்பி விஷயத்தை முடிச்சு கலாஸ் பண்ணுங்க சார்" என்று மேனேஜர் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தேன். அந்தம்மா அதையும் சைகையில் சொல்லிவிட்டார்.

"ஐயோ, அதை ஏம்மா சொன்னீங்க?"

அதையும் சைகையில் சொல்லிக்கொண்டே பதில் தந்தார். "இந்த ரூம்ல எனக்குக் கேக்கறதெல்லாம் அவருக்கும் போகணும் சார்."

வெல்டரின் கைகள் சைகையில் படபடத்தன. அவருக்காக அந்தம்மாவின் குரல் உயர்ந்தது. "நான் செவிடன்தான். மெஷின் கொதிக்குதுன்னு என் கைக்குத் தெரிஞ்சுது. ரெண்டு தடவை ஃபோர்மேனை இழுத்துட்டு வந்து காட்டினேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் திணறினேன். அந்தத் திணறலைக்கூட ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் அந்தக் கைகள் வெல்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.