நூல் கட்டிய கத்தரிக்காய்

எங்கள் அன்பு அண்ணன் கடமலைக்குண்டில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே தவறிவிட, மீசை முளைக்கும் முன்பே தனியார் பஸ்ஸில் கண்டக்டராகி, தங்கையான என்னைப் படிக்கவைத்துக் கரையேற்றினார். கம்பம் ரூட்டில் அத்தனை வருடம் விசில் ஊதியும், படிக்கட்டில் தொங்குகிறவர்களைத் தவிர யாரையும் அதட்டியதில்லை.

ஓய்வுபெற்றதும் சுருளிப்பட்டி வீட்டுக் கொல்லையில் உரக்குழி வெட்டினார். டீக்கடை, கல்யாண வீடு என்று எங்கே போனாலும் கையில் ஒரு பை இருக்கும். வெங்காயத் தோல், முட்டை ஓடு, வாழையிலை எல்லாம் அதில் ஏறிவிடும். அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

"ஊருக் குப்பையெல்லாம் வீட்டுக்குக் கொண்டாந்தாக. ஒருநாளாச்சும் ஒரு முழம் பூ வாங்கியாந்தாகளா?"

அந்த உரத்தில் காய்த்த பாகலும் புடலும் தோல் கொடுத்த வீடுகளுக்கே திரும்பிப் போகும்.

அம்மா காலத்திலிருந்து வரும் வெள்ளைக்கோட்டுக் கத்தரிதான் அண்ணனுக்கு உயிர். இந்த வருட மழையில் செடிகள் அழுகி, ஒரே ஒரு காய் மிஞ்சியது. வேறு விதை கைவசம் இல்லை. விதைக்காக அதன் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். அந்த நேரம் பார்த்து நெஞ்சுவலி. தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒத்தாசைக்கு வந்த நான், முதலில் பறிக்கத்தான் நூல் அடையாளம் என்று நினைத்து, முற்றிப்போயிருந்த விதையை வழித்து உரக்குழியில் போட்டுவிட்டு, மிச்சத்தைக் குழம்பு வைத்துத் தொலைத்தேன்.

திரும்பி வந்தவர் நேராகச் செடியிடம் போனார்.

"ஏத்தா, துண்டு போட்ட சீட்டுல போயி உக்காந்துட்டியே!"

சிரித்தார்தான். ஆனால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"விதைய எங்கன போட்ட?"

"குழியிலதாண்ணே."

"அப்பப் பொழைச்ச. கறிக்கு வாங்குற பிஞ்சுல விதை மொளைக்காது. குழியில கத்தரி மொளைச்சா, அது நம்ம ஆத்தா கத்தரிதான்."

தினமும் குழியருகே நாற்காலி போட்டுக் காத்திருந்தார். தக்காளி, பூசணி நாற்றுகளுக்கு நடுவே ஏழு கத்தரி நாற்றுகள் வந்தன. பிடுங்கி நட்டார். பூ விட்ட வாரத்தில், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து படுத்தவர், ஆண்டவரிடம் போய்விட்டார். காயைப் பார்க்கவில்லையே என்று நான் அழாத நாளில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்தாருக்கும், வருடக்கணக்காகத் தோல் சேர்த்துக் கொடுத்த எல்லா வீட்டாருக்கும் எங்கள் நன்றி. முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்திருக்கும் நீங்கள் சாப்பிட்ட இலையும் அந்தக் குழிக்குத்தான் போகிறது.

போன வாரம் அண்ணி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பூ உதிர்ந்த இடத்தில் வெள்ளைக் கோட்டோடு ஒரு பிஞ்சு. இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். அண்ணி அதன் காம்பில் சிவப்பு நூலைக் கட்டினார். தோட்டத்தைத் தாராளமாகச் சுற்றிப் பாருங்கள். அந்தக் காயில் மட்டும் கை வைக்காதீர்கள். அண்ணன் துண்டு போட்ட சீட்டு அது.

கண்ணீரும் சிரிப்புமாக,
அன்புத் தங்கை