புகைபோக்கிக்குள் காற்றுத் தேடிய ஹனீபா நானா

ஹனீபா நானா காலமான செய்தி வந்தபோது நான் சந்தையில் பாரை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். கிண்ணியாவிலிருந்து அவருடைய மகள் அழைத்திருந்தாள். மீனை வாங்காமலே திரும்பினேன். நானாவுக்குத் தெரிந்தால், "நல்ல பாரைய விட்டுட்டு வந்தீங்களே தங்கச்சி!" என்று உண்மையாகவே வருந்தியிருப்பார்.

நானாவும் நானும் ஒரே அலுவலகத்தில் கட்டடக்கலைஞர்களாக இருந்தோம்; வயதில் மூத்தவர் என்பதால் அண்ணன் முறையில் 'நானா' என்றே அழைப்பேன். அவருக்கு ஒரேயொரு பைத்தியம்: துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் பழைய பங்களாவைக் கட்டிய பெல்வின் துரை. அந்த வெள்ளைக்காரர் திருகோணமலையைக் காணாமலே சீமையிலிருந்து படம் கீறியவர். இந்த வெக்கையில் அறைக்கு அறை குளிர்காயும் அடுப்பும் புகைபோக்கியும் வைத்துவிட்டார். ஊரே சிரித்தது. நானாவும் சிரிப்பார், சிரித்து முடித்துச் சொல்வார்: "பிழை விடாத ஆள் ஆரு? இங்க வந்து கச்சான் காத்துச் சூட்டுல வெந்த பிறகு மனுசன் என்ன செஞ்சார் எண்டு பாருங்க." துரை புகைபோக்கிகளை உயர்த்தி, கடற்பக்கச் சுவரில் தாழ்வாகத் துவாரங்கள் விட்டிருந்தார். சூடு மேலே போக, கடற்காற்று கீழே நுழையும்.

பங்களாவை இடித்து மாடிக்கட்டடம் எழுப்ப எங்கள் அலுவலகத்தில் பேச்சு வந்தபோது நானாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசிக் கூட்டத்தை அந்தப் பங்களாவிலேயே, கொதிக்கும் நடுப்பகலில் வைக்கச் செய்தார். மின்விசிறியை நிறுத்தினார். காற்று வரவில்லை. எங்கள் மேலதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "எங்க உங்கட துரையின்ட காத்து?" என்று குனிந்து அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

அதே நேரம் நானா அவருக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரு தடியை அடுப்பு வழியாகப் புகைபோக்கிக்குள் விட்டுக் குத்தினார். கரியும் கம்பியுமாக ஒரு காகக்கூடு அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் வந்து விழுந்தது. கரி பூசிய முகத்துடன் நானாதான் முதலில் சிரித்தார். "கூடு இருக்கும் எண்டு நான் நினைக்கல்ல சேர்!" பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரித்து ஓய்வதற்குள் மேசையிலிருந்த தாள்கள் அசையத் தொடங்கின.

அதிகாரி எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. கதிரையைக் கடற்பக்கச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "தேத்தண்ணி சொல்லுங்க ஹனீபா" என்றார். பங்களா தப்பியது அப்படித்தான்.

நானாவை அறிந்தவர்களே, அவர் கட்டிய வீடுகளைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, தன் பிழைக்குத் தானே முதலில் சிரிக்கும் அந்தத் துணிவைத்தான். போன கிழமை நான் கீறிய படிக்கட்டொன்று நேரே உத்தரத்தில் போய் முட்டியது. முதலில் அழுகைதான் வந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தேன்.