முப்பது கண்ணிக் கோபம்

எங்கள் சர்வீஸ் சென்டரில் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவரைப் பூமாதேவி என்போம். வயதில் சின்னவர்களுக்குப் பூமாக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். வாஷிங் மெஷின் நாலாவது தடவையாக நின்றுபோன மனிதர் கவுண்டரைத் தட்டி, கம்பெனியையும் முதலாளியையும் முதலாளியின் முன்னோர்களையும் திட்டி முடிக்கும்வரை பூமாக்கா கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு சிரித்த முகத்தோடு, "ஆமாங்க, கஷ்டம்தான். மாடல் நம்பர் சொல்றீங்களா?" என்பார். வந்தவர் அடங்கிப்போய் நம்பரைத் தேடுவார்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்கிறார்கள். பூமாக்கா ஆண்டது ஒரு சுழல் நாற்காலியும் அதற்கு நேர் மேலே இருந்த ஏசித் துவாரமும். அந்த ஏசி மானேஜரின் ஏற்பாடு. கோபமாக வருகிறவர்கள் குளிர்ந்து போவார்களாம். காற்றோ வருகிறவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது; உட்கார்ந்திருப்பவர் தலையில்தான் இறங்கும். மத்தியானத்துக்குள் பூமாக்காவின் விரல் கணுக்கள் விறைத்துப்போய், கீபோர்டில் ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்து விழும்.

எனக்கு அந்த நாற்காலி அரை நாள்தான் வாய்த்தது. ஒரு வாடிக்கையாளரிடம், "அப்போ கையால துவைங்க" என்று கத்தினேன். மறுநாளே என்னைப் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஏசிக் காற்று எட்டாது. எங்கள் ஆபீஸ் நியாயம் அப்படி: கத்தினவனுக்குக் கதகதப்பு, பொறுத்தவருக்கு ஐஸ் பெட்டி. இதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அது பொய்.

மாடியில் வாரண்டிப் பிரிவில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி உண்டு. காலை வெயில் மேஜைமேல் விழும். அங்கே இருக்கும் பெரியவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தைத் தனக்குத் தரும்படி பூமாக்கா வருஷா வருஷம் கேட்டுவந்தார். அது ஒன்றுதான் அவர் அந்த ஆபீஸில் கேட்டது. மானேஜரும் வருஷா வருஷம் ஒரே பதிலைச் சொல்வார். "உங்களை மாதிரி யாரும்மா பொறுமையா இருப்பாங்க? நீங்க இல்லேன்னா கவுண்டரே இல்ல." பூமாக்கா சிரித்துவிட்டுக் கீழே வந்து அடுத்தவரிடம் மாடல் நம்பர் கேட்பார்.

விறைப்புக்கு வைத்தியமாகத்தான் அவர் குரோஷா ஊசியைக் கையில் எடுத்தார். முழுக் கையுறை போட்டால் டைப் அடிக்க முடியாது. விரல் வெளியே தெரிகிற கையுறைதான் வேண்டும். வேலை ஒன்றும் பிரமாதமில்லை. முப்பது கண்ணி போட்டு, கையைச் சுற்றி வருமளவுக்கு வரிசை வரிசையாகப் பின்னி, அந்தத் துண்டை இரண்டாக மடித்து ஓரத்தைத் தைத்து, கட்டைவிரலுக்கு ஒரு வாய் விட்டால் ஆயிற்று. இடது, வலது என்ற பேதம்கூடக் கிடையாது.

முதல் ஜோடியில் ஒன்று கச்சிதமாக அமைந்தது. இன்னொன்று அதில் முக்கால்தான் இருந்தது. வேன் ஓட்டும் அவர் கணவர் இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "சின்னது யாருக்கு, பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கா?" என்றாராம். பூமாக்கா நூலைக் குறை சொன்னார். அடுத்த ஜோடிக்குக் கடையை மாற்றினார், ஊசியை மாற்றினார். பழைய குருடி கதவைத் திறடி என்று அதுவும் ஒன்று பெரிது, ஒன்று சிறிதாகவே வந்தது.

ஒரு நாள் இரண்டையும் கவுண்டரில் விரித்து இருவருமாக எண்ணினோம். இதிலும் முப்பது கண்ணி, அதிலும் முப்பது கண்ணி. வரிசைகளும் சமம்.

"பெரிசை எங்க வச்சுப் பின்னினீங்க?" என்றேன்.

"வீட்டுல. ஞாயித்துக்கிழமை. அவரு தூங்கிட்டிருந்தாரு."

"சின்னது?"

"இங்கதான். ஆள் வராத நேரத்துல."

"அக்கா, நூல்லயும் குறையில்ல, ஊசியிலயும் குறையில்ல. இது உங்க கோபம். அதுதான் நூலை இழுத்துப் பிடிக்குது."

பூமாக்காவின் முகம் சுண்டிப்போனது. "எனக்கா கோபம்? எல்லாரும் உன்னை மாதிரின்னு நெனச்சியா?" என்றார். அதோடு சில நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபமே வராதவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில் மானேஜர் புது பைக் வாங்கி, தனக்கும் ஒரு ஜோடி பின்னித் தரச் சொன்னார். "விரல் மட்டும் வெளியே இருக்கட்டும்மா. போன் பார்க்கணும்ல." ஓட்டிக்கொண்டேவா என்று நான் கேட்கவில்லை. பூமாக்கா அவர் கையை நூலால் அளந்துகொண்டு, ஒன்றை ஞாயிற்றுக்கிழமை முடித்துக் கொண்டுவந்தார். மானேஜர் போட்டுப் பார்த்தார், நன்றாகப் பொருந்தியது.

இரண்டாவதைக் கவுண்டரில் பின்னிக்கொண்டிருந்தபோது மானேஜர் வந்து சாய்ந்து நின்றார். மாடிப் பெரியவர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்குச் சுடுதண்ணியைப் போடப்போகிறேன் என்றார். சுடுதண்ணி என்பது புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியனுக்கு நாங்கள் வைத்த பெயர். சேர்ந்த வாரமே ஒரு வீட்டில் சண்டை போட்டு, டூல் பாக்ஸை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.

"அவரை வெளியே அனுப்பினா வம்பும்மா. மேல போய் உட்காரட்டும். நீங்க எங்க இருந்தாலும் அனுசரிச்சுப் போயிடுவீங்க."

"சரி சார்" என்று பூமாக்கா சிரித்தார். மானேஜர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். நான் ஊசியைப் பார்த்தேன். கொக்கி கண்ணிக்குள் நுழைய மறுத்தது. பூமாக்கா குத்தி நுழைத்தார். மறுபடி குத்தினார். மானேஜர் தன் பைக்கின் மைலேஜைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்றார்.

மாதக் கடைசி நாளில் கையுறை தயார். மானேஜர் கையை நுழைத்தார். நாலு விரல் போய், முட்டியோடு நின்றது. இழுத்துப் பார்த்தார். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள்; இந்தச் சாதுவின் கையுறை மானேஜரின் கையைக்கூடக் கொள்ளவில்லை.

"அளவு தப்பிடுச்சும்மா."

"தப்பல சார். எண்ணிப் பாருங்க."

அவர் நிஜமாகவே எண்ணினார். இரண்டிலும் முப்பது. "அப்போ இது ஏன் சின்னதாச்சு?"

"இதைப் பின்னும்போது நீங்க பக்கத்துல நின்னு பேசிட்டிருந்தீங்க."

மானேஜருக்குப் புரியவில்லை. பூமாக்கா என் பக்கம் ஒரு முறை திரும்பினார். பிறகு, "எனக்குக் கோபம் சார். நானே நம்பல. வீட்டுல உட்கார்ந்து எண்ணி எண்ணிப் பார்த்தேன், வேற காரணமே கிடைக்கல. நாளையிலேருந்து மாடி நாற்காலியில நான் உட்காருவேன்" என்றார்.

"கோபமா? உங்களுக்கா?" மானேஜர் சிரிக்கப் பார்த்தார். "இவ்வளவு வருஷமா சொல்லவே இல்லியேம்மா."

"வருஷா வருஷம் சொன்னேன் சார். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அதான் உங்களுக்குக் கேக்கல."

மானேஜர், "சரி, பார்க்கலாம்" என்றார். எங்கள் ஆபீஸில் அதற்கு 'முடியாது' என்று அர்த்தம். சிக்கிக்கொண்ட கையுறையைக் கழற்ற வழி தெரியாமல் அதோடேயே தன் அறைக்குப் போனார்.

மறுநாள் காலை பூமாக்கா தன் பையையும் முதுகுக்கு வைக்கும் தலையணையையும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் மாடிக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். மானேஜர் வேறு வழியில்லாமல் சுடுதண்ணியைப் புகார் கவுண்டரில் உட்காரவைத்தார். முதல் வாடிக்கையாளரோடேயே அவருக்குச் சண்டை சட்டைக்காலரைப் பிடிக்கும் வரைக்கும் வந்துவிட்டது. என்னைக் கூப்பிட வாயெடுத்த மானேஜர், என் அரை நாள் சரித்திரம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். கடைசியில் ஏசித் துவாரத்துக்குக் கீழே அவரே உட்கார்ந்தார். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அவருடைய முன்னோர்களை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் விரலைத் தேய்த்துக்கொண்டே மாடி ஏறினார். கையெழுத்து வாங்கும் சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கீழ வாங்க. ஆள் கிடைக்கிற வரைக்கும். உங்களால மட்டும்தான் முடியும்."

"முடியாது சார்" என்றார் பூமாக்கா.

மானேஜர் அவர் முகத்தையே பார்த்தார். சிரிப்பு வரும், வந்தால் மேலே பேசலாம் என்று கொஞ்ச நேரம் நின்றார். வரவில்லை. கீழே இறங்கிப் போனார்.