எடை மாறாத மூன்று மாதங்கள்

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது டாக்டரம்மா என் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பார்டர்ல நிக்குது" என்றார். கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு போய்விடும் என்று நம்பியிருந்தேன். பாதிதான் போயிருந்தது.

"மூணு மாசம் பார்ப்போம். தினம் சாப்பிட்டதும் இருபது நிமிஷம் வேகமா நடங்க. அப்பவும் இறங்கலன்னா மாத்திரைதான்."

நான் நாற்பத்தாறு கிலோ. பள்ளி நாளிலிருந்தே ஒல்லி. "குறைக்க எங்கிட்ட என்ன மேடம் இருக்கு?" என்று கேட்டேன்.

"எடையைக் குறைக்க யாரு சொன்னா? தசை வேலை செஞ்சா ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை எடுத்துக்கும். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் அப்படித்தான்."

அங்கே புரிந்தது. வீடு வருவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. நடந்தால் இன்னும் இளைத்துப் பால் வற்றிவிடுமோ? நடக்காவிட்டால் இருபத்தெட்டு வயதில் சர்க்கரை நோயாளி ஆகிவிடுவேனோ? பாலுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா ஃபோனில் இரண்டு முறை சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டினேன்.

நிலக்கரி மைன்ஸில் வேலை பார்க்கும் என் கணவரின் ஷிஃப்ட்தான் என் நேரத்தைத் தீர்மானித்தது. அவர் காலை முதல் ஷிஃப்ட் போகிற வாரம் சாயங்கால டிபன் முடித்து நடப்பேன். மதியம் தொடங்கும் இரண்டாம் ஷிஃப்ட் வாரம் காலை டிபனுக்குப் பிறகு. அந்த இருபது நிமிடமும் குழந்தை அவர் தோளில்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் நடக்கிறவர்கள் நிறைய. அவர்கள் ஷூ போட்டு, விடியற்காலையில், நடைப்பயிற்சி என்று பார்த்ததும் தெரிகிற மாதிரி நடப்பார்கள். நானோ ரப்பர் செருப்போடு, அவசரமாக எங்கோ போகிறவள் போல் இருந்தேன். முதல் நாளே பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா ஸ்கூட்டியை என் அருகில் நிறுத்தினார்.

"எங்கடி இப்படி ஓடுற? பிள்ளைக்கு என்ன? ஏறு."

"ஒண்ணும் இல்லக்கா..."

"ஏறுங்கறேன்."

ஏறிவிட்டேன். எனக்கு மறுக்க வராது. எங்கே போகணும் என்று அவர் கேட்டதும், மார்க்கெட் என்று வாயில் வந்துவிட்டது. போனதற்கு ஒரு கட்டுக் கீரை வாங்கினேன். அவரே திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். மறுநாளும் அதேதான் நடந்தது. என் கணவர் பண்ருட்டிப் பக்கத்துக்காரர், கிண்டலுக்குக் குறைவில்லை.

"நடக்கப் போறேன்னு போற, கீரையோட வர்ற. டாக்டரு என்ன, கீரையா எழுதிக் குடுத்துகினு இருக்காங்க?"

மூன்றாம் நாள் வண்டிச் சத்தம் கேட்டதுமே நின்று திரும்பினேன். "அக்கா, நான் நடக்கத்தான் வந்தேன். எனக்கு சர்க்கரை பார்டர்ல இருக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கணவரைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் அது.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கா? நீ காத்தடிச்சா பறந்துடுவியே. என்னையில்ல நடக்கச் சொல்லணும்?" பிறகு குரல் இறங்கியது. "வாயத் திறந்து சொல்றதுக்கென்னடி? ரெண்டு நாள் உன் நடையைக் கெடுத்துட்டேனே." சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்று முழுசாக இருபது நிமிடம் நடந்தேன். வியர்வையோடு வீட்டுக்குள் வந்தபோது பரீட்சை முடித்து வந்தவள் போல் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு வாரத்தில் படுத்ததும் தூக்கம் வந்தது. குழந்தை மூச்சு விடுகிறதா என்று எழுந்து எழுந்து பார்ப்பது குறைந்தது. பால் கொடுக்க உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும் இடுப்பு பிடிக்கவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் எடை மெஷினில் ஏறினால் அதே நாற்பத்தாறு. எதுவுமே மாறவில்லையே, நான் நடப்பது போதவில்லையோ என்று ஐந்து நிமிடம் கூட்டினேன். மெஷின் அசையவில்லை.

மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "நார்மலுக்கு வந்துடுச்சு. மாத்திரை வேணாம்" என்றார்.

"மேடம், எடை அப்படியேதான் இருக்கு. அது என்னோட ரிப்போர்ட்தானான்னு ஒரு தடவை பாருங்களேன்."

அவர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். "உங்க பேரு, உங்க வயசு, உங்க ரத்தம். நடையை நிறுத்திடாதீங்க. வருஷம் ஒரு தடவை டெஸ்ட் பண்ணணும்..."

மீதியைச் சரியாகக் கேட்டேனா என்று தெரியாது. குழந்தையோடு வெளியே நின்ற கணவரிடம், "மாத்திரை வேணாமாங்க" என்றேன். டோக்கனோடு காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.