பதினெட்டுக்கு ஒன்று

போன சனிக்கிழமை மாலை சரியாக நாலு நாற்பதுக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்ததால் நிமிடம்கூட நினைவிருக்கிறது. மகள் படிக்கும் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை பேசினார்.

"சார், ஷெரின் வீட்டுக்கு வந்துட்டாளா?"

"இல்லியே மேடம். உங்க வேன்லதான வரணும்?"

 அவர் நடந்ததைச் சொன்னார். திருப்பத்தூரில் ஆட்டம் முடிந்து பிள்ளைகள் இரண்டு வேன்களில் ஏறியிருக்கிறார்கள். முதல் வேன்காரர்கள் அவள் இரண்டாவதில் இருக்கிறாள் என்று நினைத்தார்கள். இரண்டாவது வேன்காரர்கள் முதலாவதில் என்று. ஆம்பூரில் இறங்கி எண்ணியபோது ஒரு ஆள் குறைந்தது. ஆட்டத்துக்கு முன்னால் எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டுவைப்பது அவர்கள் வழக்கம். என் மகளின் போன் அந்தப் பையில் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

"நான் திரும்ப திருப்பத்தூர் கெளம்பிட்டேன் சார். அங்க இருக்கிற பி.டி. சாருக்கும் போன் பண்ணிட்டு இருக்கேன். நீங்க வீட்டைவிட்டு எங்கயும் போகாதீங்க. அவளே வந்து நின்னா, ஆள் இருக்கணும்."

மனைவி வேலூரில் நர்ஸ். டூட்டியில் இருந்தாள். அவளுக்குச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நான் பயந்த சுபாவம். மகள் மாடிப்படி இறங்கினால் 'கைப்பிடியப் புடி' என்பவன். அன்று காலை அவள் கிளம்பும்போதும் தண்ணீர், வெயில், வேன் ஜன்னல் என்று வரிசையாகச் சொல்லி அனுப்பினேன். ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரணம் உண்டு. அவர்கள் அணி இந்த வருடம் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அதனால் அவள் வீட்டுக்கு வந்ததும் நான் ஸ்கோர் கேட்பதில்லை. அது நான் அவளுக்குக் காட்டும் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஆடுவது சாஃப்ட்பால். பேஸ்பாலின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து கொஞ்சம் பெரிது, மைதானம் கொஞ்சம் சிறிது, தோல்வி ஒன்றுதான்.

தோழிகளின் நம்பர் எங்காவது எழுதிவைத்திருக்கிறாளா என்று அவள் அலமாரியைத் திறந்தேன். நோட்டு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு பழைய ஷூ பெட்டிதான் இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே கசங்கிய டிஷ்யூ பேப்பர் மட்டும். ஆனால் வாசனை இருந்தது. பதனிட்ட தோலும் அதை ஒட்டும் சொல்யூஷனும் கலந்த வாசனை. தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் மூக்கிலிருந்து அது லேசில் போகாது. அந்தப் பெட்டியில் இருக்கவேண்டிய, பந்து பிடிக்கும் தோல் கிளவுஸ் அவளோடு போயிருந்தது. அந்தக் கிளவுஸின் கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

பி.காம் முடித்த கையோடு ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் சேர்ந்தேன். வேலை, முடிந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு கீறல் இருந்தாலும் ரிஜெக்ட் தொட்டியில் போடுவது. யாருக்கும் என்னைப் பிடிக்காது. அந்தச் சமயத்தில் வாங்கும் கம்பெனியின் சார்பில் வால்டர் என்று ஒரு அமெரிக்கர் மூன்று மாதம் வந்து தங்கினார். ஷூவின் ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர். அவர் பெட்டியில் சட்டையைவிட வீடியோ கேசட்டுகள் அதிகம். எல்லாம் பேஸ்பால் படங்கள். எல்லாம் காமெடி. எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஜும்ஆ தொழுகை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, கேன்டீனில் டி.வி. முன்னால் முப்பது பேர் உட்காருவோம்.

பட்டதாரி என்பதால் வசனத்தைத் தமிழில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர்கள் பேசிய இங்கிலீஷில் எனக்குப் பாதிதான் புரியும். மீதியை நானே எழுதினேன். வால்டருக்குத் தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

கதை எல்லாப் படத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஊரிலேயே மோசமான அணி. பந்து எங்கே வருகிறது என்று தெரியாத ஒருவன், ஓடத் தெரியாத ஒருவன், சதா சண்டை பிடிக்கும் ஒருவன், குடித்துவிட்டுத் தூங்கும் பயிற்சியாளர். முதல் பாதி முழுக்க உதை வாங்குவார்கள். கடைசி ஆட்டத்தில் ஜெயிப்பார்கள், அல்லது ஒரு ரன்னில் தோற்பார்கள். தோற்றாலும் குதிப்பார்கள். எங்களுக்கு விதிகள் ஒன்றும் தெரியாது. அப்படியும் சிரித்துக் கண்ணீர் விட்டோம்.

ஏன் என்று இத்தனை வருடம் கழித்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நம் படங்களில் ஒருவன் இருபது பேரை அடிப்பான். நாம் அந்த இருபதில் ஒருவன் என்று உள்ளுக்குள் தெரிந்துகொண்டே விசிலடிப்போம். இந்தப் படங்களில் அணியின் ஒன்பது பேரும் நாங்களேதான். என் ரிஜெக்ட் தொட்டியை அப்படியே மைதானத்தில் கவிழ்த்த மாதிரி இருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம், கூடவே இருக்கவும் செய்யலாம். அந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

கட்டிங் டிபார்ட்மெண்டில் அப்சல் பாய் என்று ஒருவர். தோலைத் தடவிப் பார்த்தே ஆட்டின் வயதைச் சொல்லிவிடுவதாகச் சொல்லிக்கொள்வார். மூன்றாவது படம் முடிந்ததும் எழுந்து நின்றார்.

"இவனுங்களே ஆடறானுங்க. நாம ஆடுனா இன்னா?"

வால்டர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வெள்ளி, கட்டிங்குக்கும் ஸ்டிச்சிங்குக்கும் ஆட்டம் என்று முடிவாயிற்று. நான் கட்டிங் பக்கம். பந்தை அடிக்கும் கட்டைக்குத் தச்சரிடம் சொன்னோம். கிளவுஸ் என் ரிஜெக்ட் தோலில் அப்சல் பாயே வெட்டித் தைத்தார். ஒன்பது பேருக்கு, இரண்டு அணியும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது ஏற்பாடு. ஆட்டத்தன்று ஒன்பது ஷூ பெட்டிகள் மைதானத்துக்கு வந்தன. வால்டர் ஆசையாக முதல் பெட்டியைத் திறந்தார். டிஷ்யூ பேப்பரை விலக்கினார். உள்ளே இரண்டு கிளவுஸ். இடது ஒன்று, வலது ஒன்று. ஒன்பது பெட்டியிலும் அப்படியே.

பேஸ்பாலில் ஒரு கையில்தான் கிளவுஸ் போடுவார்கள். இன்னொரு கை பந்தை எறிவதற்கு. மூன்று படம் பார்த்தும் எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. வால்டர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு ஒரு கை போதும் என்று சைகையில் காட்டினார்.

அப்சல் பாய்க்குக் கோபம். "ஒத்தைய எப்படி சார் குடுக்கறது? ஒத்தையா குடுத்தா அது ரிஜெக்ட்டு. இத்தினி வருஷத்துல ஒத்தையா ஒரு மாலு நான் வெளிய அனுப்புனதில்ல."

அவர் மனம் நோகக்கூடாது என்று கட்டிங் அணி முழுக்க இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு இறங்கினோம். பந்து வந்தால் முதலைபோல இரண்டு கையாலும் கவ்வுவோம். எறிவதற்கு ஒரு கிளவுஸைப் பல்லால் இழுத்துக் கழற்றுவதற்குள் ஸ்டிச்சிங்காரன் ஒரு சுற்று ஓடி முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான். பதினெட்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்று நான் எடுத்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை. பந்து என் இடுப்பில் பட்டதால் முதல் மூலையில் சும்மா நிற்க விட்டார்கள். பிறகு மூன்று முறை அவர்கள் பந்தைக் கோட்டைவிட்டதில் மூலை மூலையாக நகர்ந்து சுற்றை முடித்தேன்.

அப்சல் பாய் அன்று மாலை டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சொன்னார், "பதினெட்டுக்கு ஒண்ணு!" கேட்டவர்கள் எந்தப் பக்கம் பதினெட்டு என்று விசாரிப்பார்கள். "அது அவங்க. ஒண்ணு நம்மளது" என்பார், பெண்ணுக்கு நிச்சயம் முடித்தவர் முகத்தோடு.

அப்புறம் ஆடினால் இடது கிளவுஸை மட்டும் போட்டோம். வலதுகள் வீண். என்னுடையது பெட்டியிலேயே தங்கி, வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்தது. என் மகள் இடது கையால் எறிபவள். அவளுக்கு வலது கையில் கிளவுஸ் வேண்டும். பள்ளியில் அப்படி ஒன்று இல்லை. போன வருடம் பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். மாட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பாய் எனக்காகத்தாம்பா தச்சிருக்காரு" என்றாள்.

ஐந்தரைக்கு மறுபடி ஆசிரியையின் போன்.

"சார், கிரவுண்டு வாட்ச்மேன் பாத்திருக்காராம். வேன்ல ஏறப்போன பொண்ணு, கிளவுஸ மறந்துட்டேன்னு திரும்பி ஓடி வந்துச்சாம். தேடி எடுக்கறதுக்குள்ள வேனு போய்டுச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டுட்டுப் போச்சாம்."

மூச்சு வந்தது.   ஒரு பழைய ரிஜெக்ட் தோலுக்காகவா என்று கோபமும் வந்தது. என்னென்ன திட்டுவது என்று வாசலில் நின்று வரிசைப்படுத்தினேன். அந்த ஃபேக்டரி இப்போது கல்யாண மண்டபம். கேன்டீன் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். கேசட்டுகளை வால்டர் எங்களிடமே விட்டுப்போனார். பூஞ்சை பிடித்து, ஓட்டும் மெஷினும் இல்லாமல் போய்விட்டன. அப்சல் பாய் மகனோடு பெங்களூர் போனவர் அங்கேயே அடக்கமானார். பதினெட்டு கிளவுஸில் மிச்சம் இந்த ஒன்று. அதைவிடப் பெரிதாக ஒன்று நினைவுக்கு வந்தது. தோற்ற ஸ்கோரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். அந்த ஆள் எப்போது காணாமல்போனான் என்று தெரியவில்லை.

ஆறு பத்துக்குத் தெருமுனையில் அவள் வந்தாள். முழங்காலில் செம்மண். பஸ்ஸில்கூடக் கழற்றவில்லை போல. வலது கையில் கிளவுஸ். என் முகத்தைப் பார்த்ததும் நடை மெதுவானது. நான் வாயைத் திறந்தேன். அவள் கிளவுஸ் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள்.

"திட்டுப்பா, வேணான்னு சொல்லல. ஆனா மொதல்ல ஸ்கோர் கேளு."